பாம்புக்கு ஏழு நாள் நோட்டீஸ்

மாத்தளை மாவட்டத்திலேயே நோட்டீஸ் அண்ணனைப் போல மரியாதையாகப் பயப்படத் தெரிந்த மனிதர் வேறு யாரும் கிடையாது.

தேயிலைத் தோட்டத்து ஒபிசில் பியோனாக இருந்து, ஊருக்கெல்லாம் நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுத்தே ஓய்வு பெற்றவர். உக்குவளையில் அவர் வீட்டு முன்னறையில் நான் வாடகைக்கு இருந்தேன். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை. வீட்டுக்குப் பின்னால் அவருடைய பொலித்தீன் கூடாரம். கறிமிளகாய் வளர்க்கக் கட்டியது. உள்ளே கறிமிளகாயைத் தவிர எல்லாம் இருந்தது: யோகட் கோப்பைகள், ஓட்டை வாளிகள், சைக்கிள் டயர்கள், யாரோ கழற்றி எறிந்த கக்கூஸ் பீங்கான்.

"ஒரு நாளைக்குத் தேவப்படும் சேர்" என்பார்.

பெரும்போக மழை நெருங்கிவிட்டது. தட்டுகளில் நாற்றுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. சீக்கிரம் கூடாரத்துச் சாமான்களை ஒழித்து நடாவிட்டால் அந்தப் போகமே போச்சு. ஒழிக்கப் போன அன்றுதான் வாளிகளுக்குப் பின்னாலிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. ஒரு ஆள் நுழையும் கதவு வழியே இருவரும் ஒன்றாக வெளியே வந்தோம்.

"அடிச்சுப் போட்டுட்டு வேலயப் பாருங்களேன்" என்றார் அவர் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"நல்ல பாம்புடி. மொதல்ல நோட்டீஸ் குடுக்கணும். சேர், எழுதுங்க."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான். அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தது பாம்புக்குக் கடிதம் எழுதவா? இருந்தும் எழுதினேன். 'மேற்படி இடத்தில் குடியிருக்கும் தாங்கள் ஏழு நாட்களுக்குள்...'

"சிங்களத்துலயும் எழுதுங்க. எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சோ."

"இங்கிலீசு?"

"அது தொரமாருக்கு. பாம்புக்கு வேணாம்."

கதவில் ஒட்டினார். குளியலறை கூடாரத்துக்கு அப்பால் இருந்ததால், அந்த ஏழு நாளும் நான் பள்ளிக்கூடத்துக் குழாயில்தான் குளித்தேன். காற்றில் பொலித்தீன் சரசரத்தால் கட்டில்மேல் ஏறி நின்றேன். நான்காம் நாள் நாற்றுகள் மஞ்சளாகின.

"நாத்து செத்தா பாம்பா சோறு போடும்?" அக்கா கத்தினார்.

"இன்னைக்கே ஒழிச்சிருவோம் அண்ணே" என்று நானும் கெஞ்சினேன்.

"எங்கள தோட்டத்து லயத்து வீட்ட விட்டு எறக்குனப்ப ஒரு நாள்கூடக் குடுக்கல சேர்" என்றார் மெதுவாக. "அடுப்புல சோறு வெந்துகிட்டு இருந்துச்சு."

அக்கா நாற்றுத் தட்டுகளுக்குத் தண்ணீர் தெளிக்கப் போனார்.

எட்டாம் நாள் காலை உள்ளே போனோம். ஒவ்வொரு வாளியாகக் கம்பால் தட்டி, "ஐயா, நாள் முடிஞ்சிருச்சுங்க" என்றார். கம்பு நடுங்கியதில் ஒரு தட்டு மூன்றாகக் கேட்டது. எல்லாவற்றையும் வெளியே போட்ட பிறகு, கடைசியாகப் பீங்கான் மட்டும் மிச்சம். நான்தான் குனிந்தேன். உள்ளிருந்து படம் எழுந்தது, என் முழங்கால் உயரத்தில்.

கரப்பான் பூச்சிக்கே நாற்காலி தேடும் அண்ணன், எனக்கும் அதற்கும் நடுவில் வந்து நின்றார். முதுகுச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. கம்பைக் கீழே போட்டுக் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்குங்க. வழி அந்தப் பக்கம்."

பாம்பு யோசித்தது. பிறகு கிழிந்த பொலித்தீன் வழியாக இறங்கி, கொக்கோ மரங்களுக்குள் போய்விட்டது. அண்ணன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார்.

பாதி நாற்று பிழைத்தது. அன்று மாலையே நட்டோம். பீங்கானை மட்டும் வேலியோரம் கவிழ்த்து வைத்தார்.

"திரும்பி வந்தா தங்க எடம் வேணாமா சேர்?"

இப்போது நான் இடமாற்றமாகி வேறு ஊரில் இருக்கிறேன். அந்த முன்னறையில் என் புத்தகங்களும் நான் உடுத்தும் ஒரு சாரமும் அப்படியே கிடக்கின்றன. காலி செய்யச் சொல்லி அண்ணன் எனக்கு இன்னும் நோட்டீஸ் தரவில்லை.