கப்பலில் வந்துகொண்டிருக்கும் கார்

கார் உள்ளவர்கள், கார் இல்லாதவர்கள் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்தவர் எங்கள் ஆஸ்திரேலிய ஊரான துவூம்பாவுக்கு வந்ததில்லை. இங்கே மூன்றாவது இனம் ஒன்று உண்டு: கார் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருப்பவர்.

அவரை எப்படிக் கண்டுபிடிப்பது? நடந்து வருவார். கையில் போன், போனில் கடல், கடலில் ஒரு சின்ன அம்புக்குறி. நீங்கள் மழையைப் பற்றி ஆரம்பித்தாலும் யோகோஹாமா துறைமுகத்தில் கொண்டுபோய் நிறுத்துவார், ஜப்பானில் பழைய வண்டிகளை ஏலம் விடும்போது தரும் மதிப்பெண் தாளை விரித்து, "நாலரை மார்க் வண்டி! யூ-டூன்னா சின்ன நெளிசல், அவ்ளோதான்" என்று ஜப்பானிலேயே பிறந்தவர்போல் விளக்குவார், மூச்சுக்கு முந்நூறு தடவை "என் ஆளு" என்பார். ஆள் என்றால் தரகர். முகத்தைப் பார்த்திருக்கிறாரா? இல்லை. கூப்பிட்டால் எடுப்பாரா? அதையெல்லாம் கேட்கக்கூடாது.

எதிர்வீட்டு லைல் ஹாக்கிங் இந்த இனத்தின் அசல் வாரிசு. நவம்பரில் ஒரு வேன் ஏலத்தில் படிந்த அன்றே பழைய காரை என்னிடம் விற்றுவிட்டார். "ஜனவரில வாசல்ல நிக்கும்னு என் ஆளு சொல்லிட்டான், மச்சான்."

ஜனவரியில் கப்பல் வேனை விட்டுவிட்டுக் கிளம்பியது. பிப்ரவரியில் அடுத்த கப்பலில் வந்து இறங்கியபோது மிதியடிக்குக் கீழே நாலு விதை கிடந்ததாம். வெளிநாட்டு விதை ஊருக்குள் வரக்கூடாதென்று துறைமுக அதிகாரிகள் மறுபடி கழுவச் சொன்னார்கள். மார்ச்சில், உள்ளூர் விதிக்கு வண்டியைத் திருத்திச் சான்று வாங்கித் தரும் பட்டறையில், குழந்தை இருக்கையை மாட்டும் கொக்கிக்காகக் காத்து நின்றது. ஒவ்வொரு முறையும் லைல், "அவன் என்ன பண்ணுவான், பாவம்!" என்பார். அவர் மனைவி க்ளெனிஸ் ஆஸ்பத்திரி வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள்.

ஈஸ்டர் வந்தது. பத்தொன்பது வருடமாகக் கடற்கரைக் கூடார முகாமில் ஹாக்கிங் குடும்பத்துக்கு ஒரே இடம், அலைக்குப் பக்கத்தில். வியாழன் மாலை ஆறு மணிக்குள் போய் நிற்காவிட்டால், காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அப்புறம் அந்த இடம் ஜென்மத்துக்கும் கிடைக்காது.

வியாழன் காலை லைல் ஆறு முறை கூப்பிட்டார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. "பாத்தியா, கட்டைவிரல் போட்டுட்டான்! இன்னைக்கு வந்துரும்."

மதியம் இரண்டரை. வேன் இல்லை. கடற்கரைக்கு மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும். மடித்து வைத்த கூடாரத்தின்மேல் உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது.

க்ளெனிஸ் தெருவைத் தாண்டி வந்து என் முன்னால் கையை நீட்டினாள். நான் சாவியைக் கொடுத்தேன்.

"எனக்கும் ஒரு ஆளு இருக்காரு, லைல்," என்றாள். "எதிர்வீட்லயே இருக்காரு. கூப்பிட்டா ஏன்னு கேக்குறாரு. ஏறு வண்டில."

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, விற்ற காரிலேயே போய் இடத்தைப் பிடித்துவிட்டார்கள்.

வேன் அடுத்த செவ்வாய் வந்தது. ஜப்பான் ரேடியோ என்பதால் இங்கே இரண்டே நிலையம்தான் கேட்கும். சாவியைத் திருகியதும் உள்ளிருந்து ஒரு பெண் ஜப்பானிய மொழியில் எதையோ கண்டிக்கிறாள். லைல் பணிவாகத் தலையாட்டுகிறார். "லேட்டானாலும் சொன்ன வண்டி வந்துச்சா இல்லையா? என் ஆளு அப்படி!" என்று என்னைத் தனியே இழுத்து, புதையல் இருக்கும் இடம்போல அந்த நம்பரைக் காதில் சொன்னார்.

வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து மூன்று வாரம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை என் காரை விற்றுவிட்டேன். கப்பல் இன்று காலை கிளம்பியிருக்க வேண்டும். என் ஆள் கட்டைவிரல் போட்டிருக்கிறார்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? ரயில் டிக்கெட்டுக்கோ, பாஸ்போர்ட்டுக்கோ, வீட்டுப் பத்திரத்துக்கோ உங்களிடமும் ஓர் ஆள் இருக்கிறார் அல்லவா? இப்போது ஒரு போன் போட்டுப் பாருங்களேன், எடுக்கிறாரா என்று.