வாட்டம் வைக்காத முற்றம்

ஒரு காட்டில், மழைக்கு முன்னால் பாறையாகவும் மழைக்குப் பின்னால் பசையாகவும் கிடக்கும் களிமண் பூமியில், சீரங்காயி என்றொரு முயல் இருந்தாள். ஒரே மகன், பெயர் தவசி. முயல் வயசுக்கு அவனுக்கு எப்போதோ கல்யாணம் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இந்தக் காலத்துப் பெண் வீட்டார் கேட்கிற கேள்வியெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

பையன் குணம் தங்கம். வளை சொந்த வளை. ஆனால் வீடு பார்க்க வருகிறவர்கள் முற்றத்தில் கால் வைத்ததுமே கணுக்கால் வரை களிமண் அப்பிக்கொள்ளும். காலை உதறிக்கொண்டே கேரட் அல்வாவைக் காலி பண்ணிவிட்டு, "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று பால்குடிக்கிற குட்டிக்குக்கூடத் தெரியும். இதுவரை ஏழு குடும்பம் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தது.

எட்டாவதாக மேட்டுக்காட்டிலிருந்து செவந்தி என்கிற பெண்ணின் வீட்டார் வருவதாகச் செல்போனில் சேதி வந்தது. "இதுவும் தட்டிப்போச்சுன்னா என் பிள்ளை ஒண்டிக்கட்டையாவே நின்னுடுவானே!" என்று சீரங்காயி அழுதேவிட்டாள். புல் போட்டால் சேறு மறையும். நிஜப் புல் சரிப்படாது, முளைத்த அன்றே தவசி தின்றுவிடுவான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஆகவே பிளாஸ்டிக் புல் என்று முடிவானது.

முதலில் பெருச்சாளி மேஸ்திரி மொக்கையன் வந்தார். மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தார்.

"ஆத்தா, இது சுத்தக் களி. தண்ணியை உள்ளே விடாது. ஒரு முழம் வெட்டி எடுத்து, ஜல்லி கொட்டி இடிச்சு, ஓட்டை போட்ட குழாயைப் பதிச்சு, அப்புறம்தான் மேலே புல்லு விரிக்கணும். முக்கியமா ஒண்ணு. முற்றத்துல நல்ல வாட்டம் இருக்கணும்."

கொத்தனார் பாஷையில் வாட்டம் என்றால் தண்ணீர் ஓடுவதற்காக வைக்கிற சரிவு. சீரங்காயிக்கு அந்தப் பாஷை தெரியாது. அவளுக்குத் தெரிந்த வாட்டம் முகத்தில் வருவது.

"என்ன வார்த்தை சொன்னீங்க! நல்ல காரியம் நடக்கப்போற வீட்டுல வாட்டம் இருக்கணுமா?"

"இருந்தே ஆகணும் ஆத்தா. பத்தடிக்கு ரெண்டு விரல்கடை. இல்லேன்னா பின்னால வருத்தப்படுவீங்க."

"வாட்டமும் வேணுமாம், இல்லேன்னா வருத்தமுமாம்! உங்க வாயில ஜல்லியைக் கொட்ட! கிளம்புங்க முதல்ல!"

எதற்குத் திட்டு வாங்கினோம் என்றே தெரியாமல் மொக்கையன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வளை முள்ளம்பன்றி காளியப்பன் வீட்டுக்குப் போனார். அவரும் மகனுக்குப் பெண் தேடுகிறவர்தான். அங்கே ஜல்லி, குழாய், வாட்டம் எல்லாம் வைத்துக் கச்சிதமாக முடித்துக் கொடுத்தார்.

சீரங்காயி வீட்டுக்கு நரி வந்தது. "அம்மா, நம்ம வேலையில வாட்டம்ங்கிற பேச்சுக்கே இடமில்லை. கல்லுல ஊத்தின தோசை மாதிரி சமமா இருக்கும்" என்றது. அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. நரி களிமண் மேலேயே புல்லை விரித்தது. ஓரம் நகராமலிருக்கச் சுற்றிலும் செங்கல் கட்டி, சிமெண்ட் பூசி, ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டு அரை நாளில் போய்விட்டது. அடியில் களிமண்ணை வைத்து நாலு பக்கமும் கட்டினால் அதற்குத் தொட்டி என்று பேர். நரி அதைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

பெண் வீட்டார் பன்னிரண்டு பேர் வந்தார்கள். காலில் ஒரு பொட்டு மண் ஒட்டவில்லை. செவந்தியின் தாய்மாமன் குனிந்து புல்லை ஒரு வாய் கடித்துப் பார்த்தார். "பார்வைக்கு லட்சணமா இருக்கு, இன்னும் கொஞ்சம் வேகணும்" என்றார். அல்வா காலியானது. செவந்தியின் அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "அப்ப நாங்க ஊருக்குப் போயி..." என்று ஆரம்பித்தார்.

டமார்! பிடித்தது மழை. விட்டபோது வளையைச் சுற்றிக் குளம். மேட்டுக்காட்டு முயல்களுக்குத் தண்ணீர் என்றால் உயிரே போய்விடும். செவந்தியின் அப்பா ஒரு காலை விட்டார், வயிறு வரை போனது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "வடியட்டும்" என்றார்.

எங்கே வடிய? அன்றும் வடியவில்லை, மறுநாளும் வடியவில்லை.

அதே மழையில் காளியப்பன் வீட்டுக்கும் வேறொரு பெண் வீட்டார் வந்திருந்தார்கள். அங்கே பத்தே நிமிஷத்தில் முற்றம் உலர்ந்தது. "அருமையான வடிகால்ங்க" என்று மெச்சியபடியே, "சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பினார்கள். அப்புறம் ஒரு சேதியும் இல்லை.

சீரங்காயி, "மானம் போச்சே, அந்த நரி நாசமாப் போக!" என்று மூலையில் உட்கார்ந்து புலம்பினாள். தவசியோ தினமும் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிப் போய், தலையில் கீரைக்கட்டு சுமந்து வந்து பன்னிரண்டு பேருக்கும் போட்டான். தாய்மாமனுக்கு மட்டும் இரண்டு கட்டு.

மூன்றாம் நாள் செவந்தி வாயைத் திறந்தாள். "அப்பா, நாம ஊருக்குப் போயி சொல்லி அனுப்புறதுக்குள்ள எனக்கு மீசை நரைச்சிடும். இங்கேயே சொல்லிடறேன். எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

பெரியவர் தண்ணீரைப் பார்த்தார். "மூணு நாளா உட்கார்ந்து சாப்பிட்டாச்சு. இனிமே வேண்டாம்னு எந்த வாயால சொல்றது? தட்டை எடுங்க சம்பந்தி."

தட்டு மாற்றிக்கொண்டார்கள். சீரங்காயிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"அத்தே, இந்தத் தண்ணியை வெட்டி விட்டுடலாமா?" என்று கேட்டாள் செவந்தி.

"மூச்! முகூர்த்தத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. தாலி ஏறுற வரைக்கும் ஒருத்தரும் அதுல கை வைக்கக் கூடாது" என்றாள் சீரங்காயி.

நீதி: வடிகால் வைத்த முற்றத்தில் தண்ணீர் மட்டுமா வடியும், சம்பந்தமும் சேர்ந்து வடிந்துவிடும். ஆகவே முதலில் கல்யாணம், அப்புறம் ஜல்லி.