மூன்று மணிக்கு இறங்காத விமானம்

பிழையான கணக்குக்கு விடை மட்டும் சரியாக வந்துவிட்டால் மனிதனைக் கையில் பிடிக்க முடியாது. அன்று என்னையும் யாராலும் பிடிக்க முடியவில்லை.

யுத்த காலம். அக்காவுக்குக் கனடாவில் மாப்பிள்ளை சரிவந்திருந்தது. வழியனுப்ப, எங்கள் ஊரான கல்லடியிலிருந்து கொழும்புவரை அவளோடு அப்பா மட்டும் போனார். சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் மறுபடி பஸ் ஏறி, ஒரு பகல் முழுக்க அந்தப் பயணம்.

நான் உயர்தரத்தில் புவியியல் படித்தவன் (எங்கள் ஒழுங்கையின் அத்தனை வீட்டிலும் நான் ஒருவன்தான், அதுதான் வினை). நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குக் கொழும்பில் புறப்பாடு, அன்றே பிற்பகல் மூன்று மணிக்கு ரொறன்ரோ என்று பயணச்சீட்டில் பார்த்திருந்தேன். அட்லஸை விரித்து, அடிமட்டத்தால் அளந்து, விமான வேகத்தால் வகுத்தேன். பதினான்கு மணித்தியாலம். அச்சொட்டாகப் பொருந்தியது! லண்டனில் இறங்கி அடுத்த விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்பதோ, அந்த மூன்று மணி கனடாக்காரரின் மூன்று மணி என்பதோ என் மூளைக்கு எட்டவில்லை.

"நாலுக்குள்ள அக்காட கோல் வரும் அம்மா," என்றேன்.

"நிச்சயமாடா மனே?"

"பூமியவே அளந்து பாத்திட்டன்."

பாலத்துக்கு அப்பால் புளியந்தீவில் இருந்த தொலைபேசிக் கடைக்கு அம்மா, பெரியம்மா, நான் மூவரும் மூன்று மணிக்கே போய் அங்கிருந்த மரவாங்கில் உட்கார்ந்தோம். நாலாயிற்று. ஐந்தாயிற்று. அடித்த மணியெல்லாம் வேறு யாருக்கோ. பொழுது சாயுமுன் வீடு போய்ச் சேரவேண்டுமே என்று கடைக்காரர் பூட்டை எடுத்தார்.

அம்மா எழுந்து போய்த் தொலைபேசியைத் தொட்டுப் பார்த்தார். சொன்ன நேரத்துக்கு வந்து சேராதவர்களைப் பற்றி அந்த நாட்களில் எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான் வரும். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"எண்ணெய் முடியுமட்டும்தானே பறக்கும். இந்நேரம் எங்கயாவது இறங்கித்தான் இருக்கோணும்," என்றேன் (ஆறுதலாம்!).

"எங்கயாவதா? கடலுக்கயா?" பெரியம்மா தலையில் கை வைத்தார். கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போதே, "என்ட புள்ள கடலுக்க போயிட்டாளே!" என்று குரலெடுத்துவிட்டார். வீடு நிறையச் சனம். அயல்வீட்டிலிருந்து தேநீர் வந்தது. செத்த வீட்டுக்குத்தான் அப்படிக் கொண்டுவருவார்கள்.

அடுத்த நாள் காலை கடை திறந்ததும் மணி அடித்தது.

"அம்மா, வந்து சேந்திட்டன்!"

அம்மா அழுது முடித்ததும் நான் வாங்கிப் பேசினேன்.

"பொழுதே படல்லடா," என்றாள் அக்கா. "லண்டனில மத்தியானம் ஏறினன். சூரியன் எங்களோடயே வந்திச்சு. கீழ பாத்தா ஐஸ் மலை, வெள்ளையா, முடிவே இல்லாம."

"ஐஸா? நான் அளந்த கோட்டில அந்தப் பக்கம் கடல் மட்டும்தானே?"

"பிளேன் உன்ட அட்லஸுக்குள்ளால போகல்லடா!"

வீட்டுக்கு வந்து, பூமி மாதிரி உருண்ட ஒரு தோடம்பழத்தில் லண்டனையும் ரொறன்ரோவையும் பேனையால் குறித்து, நூலை இழுத்துப் பிடித்தேன். நூல் தானாகவே வடக்கே ஏறி, அக்கா சொன்ன பனிப் பக்கமாக வளைந்து போனது. நேர்கோடு அதுதானாம். அப்பாவின் ஒரு பகல் பயணத்தை அந்த விமானம் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் கடந்திருக்கும். எங்கள் ஒழுங்கைப் பெண் ஒருத்தி அதில் ஏறிச் சூரியனோடு சேர்ந்து போயிருக்கிறாள். பழத்தை உரிக்க மனம் வராமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பக்கத்துச் செங்கலடிக்குப் பஸ் ஏறப் புறப்பட்டு, "பத்து மணிக்குப் போயிருவன்" என்றால் போதும். அம்மா நிமிர்ந்து பார்த்துக் கேட்பார்:

"ஆர்ட பத்து மணி? உலகத்துட பத்தா, இவன்ட பத்தா?"