பாய்லர் அண்ணை சுட்ட தாஹிதி டோனட்

லண்டன் குளிரில் உயிரோடிருக்கும் தமிழர்களில் பாதிப்பேர் பாய்லர் அண்ணையால் பிழைத்தவர்கள். மீதிப்பேர் எப்படிப் பிழைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டைச் சூடாக்கும் பாய்லரை ரிப்பேர் செய்வது அவர் தொழில். சொந்தப் பெயர் என்னவென்று, நோர்பரியில் அவர் வீட்டு மாடியறையில் ஆறு வருஷமாகக் குடியிருக்கும் எனக்கே தெரியாது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கம்பெனி கொடுக்கும் கையேட்டைப் பேனாவால் திருத்திவிட்டுத்தான் ஸ்பானரைத் தொடுவார். ஆனால் அவரை யாராவது திருத்தினால் மூன்று நாள் பேச மாட்டார்.

பேசாமலிருப்பதில் அவருடைய பெரிய சாதனை சொந்த மகனோடுதான். பாரிசில் வேலை பார்க்கும் மகன், பிரான்ஸ் ஆளும் தாஹிதித் தீவுப் பெண்ணான தியாரேயைக் காதலித்துக் கல்யாணம் செய்தான். அண்ணை போகவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவளே, "ஞாயிற்றுக்கிழமை வருகிறோம்" என்று செய்தி அனுப்பினாள். மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

"தம்பி, அந்தப் பிள்ளை என்னை மன்னிக்குமோ?"

"மன்னிக்கலேன்னா ஏன் வரப்போறாங்க அண்ணே?"

"சண்டை பிடிக்கவும் வரலாம்தானே."

அதனால் அவள் ஊர்ப் பலகாரம் சுட்டு வைப்பது என்று முடிவெடுத்தார். ஃபிரிஃபிரி என்று பெயர். தேங்காய்ப்பாலில் மாவு பிசைந்து, 8 வடிவில் முறுக்கிப் பொரிக்கிற டோனட். போனில் செய்முறை பார்த்தார், வழக்கம்போல அதையும் திருத்தினார். டின் பால் கூடாதென்று ஐந்து தேங்காய் துருவி முதல்பால் பிழிந்தார். சீனியை இரட்டிப்பாக்கினார். இவங்களுக்கு ஏலக்காய் தெரியாது போல என்று ஒரு பிடி ஏலக்காயைப் பொடித்துப் போட்டார். மாவு பொங்கட்டும் என்று சனிக்கிழமையே சட்டியைத் தூக்கி, பாய்லர் இருக்கும் சூடான அலமாரிக்குள் வைத்தார். காலையில் திறந்தால், மாவு சட்டியை விட்டிறங்கி, அங்கே காயப்போட்டிருந்த என் இரண்டு துவாயையும் விழுங்கியிருந்தது.

பலகாரம் சுடும்போது வெளியாள் அடுப்படிக்குள் வரக்கூடாது என்பது அண்ணையின் சட்டம். கண்பட்டால் பலகாரம் எண்ணெய் குடித்துவிடுமாம். ஆறு வருஷமாகியும் நான் வெளியாள். எட்டிப் பார்த்தால்கூட, "அங்கால போ தம்பி" என்று விரட்டினார்.

குழாய்ச் சூடு பார்க்கும் கருவியை எண்ணெய்ச் சட்டிக்கு நேரே பிடித்தபடி அவர் நிற்கும்போது வாசல் மணி அடித்தது. நான் போய்த் திறந்தேன். மகன் சப்பாத்தைக் கழற்றுவதற்குள், தியாரே வாசனை பிடித்து நேரே அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் அடுப்படி வாசலிலேயே நின்று கத்தினேன்.

"அண்ணே, உள்ள போயிட்டாங்க."

"போகட்டும். அவ வீட்டு ஆள்."

அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். நிதானமாக மென்றாள். பிறகு தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ருசியாகத்தான் இருக்கிறது, ஆனால் இது ஃபிரிஃபிரி இல்லை என்றாள். மூன்று நாள் மௌனத்துக்கு நான் மனதைத் தயார்ப்படுத்தினேன்.

அண்ணை மாவுச் சட்டியை அவள் பக்கம் தள்ளினார். "அப்ப நீங்க காட்டுங்கோ."

அவள் முறுக்கினாள். அவரும் முறுக்கினார். அவள் அதைப் பிரித்து மறுபடி முறுக்க வைத்தாள். நாலாம் தரம்தான் தலையாட்டினாள். அப்போது அண்ணை, மாவுக் கையோடு அவளைப் பார்த்து, "கலியாணத்துக்கு வராதது என்ர பிழை, பிள்ளை" என்றார். மகன் தடுமாறித் தடுமாறி அதைப் பிரெஞ்சில் சொன்னான். அவள் அவர் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். எண்ணெயில் கிடந்தது எல்லாம் கருகியது, யாரும் கவனிக்கவில்லை.

ஒரு மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு வாறன் என்று பாரிசுக்குப் போனவர், மூன்று மாதமாகியும் திரும்பவில்லை. நேற்று நானே போன் செய்தேன்.

"ஏன் தம்பி, பாய்லர் பழுதோ?"

"அது நல்லாத்தான் இருக்கு அண்ணே. நீங்க இல்லாமதான் வீடு வீடா இல்ல."