பத்தா, நாற்பத்து நாலா?

“எடுத்துப் பாரு ஆர்விட், கடிக்காது,” என்றாள் வெர்னா.

ஆர்விட் எடுக்கவில்லை. கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் இரண்டு துப்பாக்கிகள் கிடந்தன. ஒன்று அவருடையது, நாற்பத்து நாலு ரிவால்வர். தோட்டாவின் பருமனை வைத்துத்தான் அந்தப் பெயர். சம்மட்டிக் கனம், கழுதை உதை. மற்றது வெர்னா தள்ளிவிடப் பார்க்கும் பத்து மில்லி பிஸ்டல். தோட்டா கொஞ்சம் சின்னது, ஆனால் ஒரே தடவையில் நிறைய நிரப்பலாம், உதையும் குறைவு என்கிறாள். விற்கிறவள் வேறென்ன சொல்வாள்?

ஆர்விட்டின் நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. போன வாரம் வாசலுக்கு வந்த கரடியை விரட்ட வானத்தைப் பார்த்துச் சுட்டார். கிழட்டு மணிக்கட்டு மடங்கிக்கொண்டது. துப்பாக்கி திரும்பி வந்து நெற்றியைப் பிளந்தது. கரடி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் வீட்டின் பின்பக்கமாகப் போனது.

அன்றைக்கே அவர் மனைவி மேவிஸ் சொல்லிவிட்டாள்.

“உன் கை தாங்குற மாதிரி ஒண்ணு வாங்கு. இன்னொரு தடவை வந்து அது வாசப்படி ஏறிச்சுன்னா வீட்டை வித்துட்டு அரிசோனா போறோம், எங்க அக்கா பக்கத்துல. பேச்சு முடிஞ்சுது.”

அரிசோனாவில் வெயில் இருக்கிறது, முள் இருக்கிறது. அக்கா வீட்டு ஆரஞ்சு மரத்தின் படம் ஒன்று மேவிஸின் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ஆறு கிடையாது. சால்மன் மீன் கிடையாது. ஆர்விட் அலாஸ்காவில் ரோடு சமன்செய்யும் வண்டி ஓட்டிப் பிழைத்தவர். ஆற்றங்கரை வீட்டைத் தன் கையாலேயே கட்டியவர். அந்த ஆற்றின் சத்தம் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது.

“பத்து மில்லியா?” என்று மூலையிலிருந்து ஒரு குரல் சிரித்தது. பக்கத்து வீட்டு வென்டெல். வெர்னாவின் கடையில் துப்பாக்கி, தூண்டில், ரப்பர் பூட்ஸ், கோழித் தீவனம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். வென்டெல் நாய்த் தீனி மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஓசிக் காபி குடித்துக்கொண்டிருந்தான். “அதை வெச்சுக் கரடிக்குக் காதா குடையப் போறே?”

“நீ எந்தக் கரடியைச் சுட்டிருக்கே?” என்றார் ஆர்விட். வெர்னா தோட்டா எடுக்கப் பின்னறைக்குப் போயிருந்தாள்.

“அது என் வீட்டுக்கு வந்தாத்தானே! பேசாம ஒரு நாய் வளர்த்துத் தொலை. குரைச்சா ஓடிடும்.”

“மேவிஸுக்கு நாய் ஆகாது. முடி பட்டாலே நாள் பூரா தும்முவா.”

“அப்ப மேவிஸைத் தும்மச் சொல்லு. அதுக்கே ஓடிடும்.”

ஆர்விட் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. ரேடியோவில் மழை என்றால் வேண்டுமென்றே துணியைக் காயப்போடுவார். டாக்டர் தந்த மாத்திரையில் பாதியைத்தான் விழுங்குவார். உலகத்தில் அவர் நம்பியது மேவிஸ் ஒருத்தியை. கை தாங்காது என்று அவள் சொன்னால் தாங்காதுதான்.

“சரி, மாத்திக் குடு,” என்றார், வெர்னா திரும்பி வந்ததும். நாற்பத்து நாலு பெட்டிக்குள் போனது. பத்து மில்லி இடுப்புக்கு வந்தது. நடந்தால் ஒரு பக்கம் லேசாக இருந்தது. வேறு யாரோ ஆளின் இடுப்பை மாட்டிக்கொண்டு நடப்பது போல.

அலாஸ்காவில் கோடையில் சாயங்காலம் என்று ஒன்று வரும், ஆனால் போகாது. வெளிச்சம் தண்ணீரில் கரைத்த தேன் மாதிரி ஆற்றின் மேல் நின்றுகொண்டே இருக்கும். ஆர்விட் வாசல் நாற்காலியில் புதுத் துப்பாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மூடுபனி ஆற்றைவிட்டு எழுந்து புல்லில் படுத்தது. அதிலிருந்து ஒரு துண்டு மட்டும் பிரிந்து நடந்து வந்தது. பழுப்பு நிறம். கரடி.

“கொன்னுடாதே, மிரட்டி விடு போதும்,” என்று உள்ளிருந்து மேவிஸ் சொன்னாள். பின்னல் ஊசி நிற்கவில்லை.

ஆர்விட் வானத்தைப் பார்த்துச் சுட்டார். மணிக்கட்டு மடங்கவில்லை. அடடா என்று நினைத்தார். அவ்வளவுதான் நினைக்க முடிந்தது. பிஸ்டல் துப்பிய வெற்றுத் தோட்டா, அடுப்பிலிருந்து எடுத்த கங்கு போல, அவர் சட்டைக் காலருக்குள் இறங்கியது.

அவர் ஆடினார். கல்யாணத்திலும் ஆடாதவர் அன்றைக்கு ஆடினார். ஒரு கை முதுகில், ஒரு கை வயிற்றில், கடைசியில் படியிலிருந்து தக்காளித் தொட்டிக்குள். கரடி பின்னங்கால்களை மடித்து உட்கார்ந்து, ஆட்டம் முடியும்வரை பார்த்தது. முடிந்ததும் எழுந்து வழக்கம்போலச் சமையலறைப் பக்கமாகப் போனது.

“போயிடுச்சா?” என்றாள் மேவிஸ்.

“போயிடுச்சு.”

“பாவம், பயந்திருக்கும்,” என்றாள். கரடியைச் சொன்னாளா, அவரைச் சொன்னாளா என்று ஆர்விட் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் அதே நாற்காலியில் கண் சொருகியது. கனவில் அவருடைய பழைய ரோடு வண்டி புல்வெளியில் சத்தமில்லாமல் மிதந்து வந்தது. ஓட்டுகிற சீட்டில் கரடி உட்கார்ந்திருந்தது. நன்றாக ஓட்டியது.

“என்னப்பா, முடிவு பண்ணிட்டியா?” என்று கேட்டது.

“இன்னும் இல்ல. உனக்கு எது வலிக்கும்? பத்தா, நாற்பத்து நாலா?”

“என்னைக் கேட்டா எப்படி? நீ வானத்தையில்ல சுடுறே. வானத்தைக் கேளு.”

ஆர்விட் அண்ணாந்து பார்த்தார். வானம் ஆரஞ்சு நிறமாக இருந்தது. கரடியின் தாடையில் உருண்டை உருண்டையாக ஏதோ பழுப்புத் துணுக்கு ஒட்டியிருந்தது. மூச்சில் பழைய சாக்கின் வாசம். “வாயைத் துடைச்சுக்க,” என்றார் ஆர்விட். “இதோ,” என்று கரடி அவர் சட்டையிலேயே துடைத்தது. விழித்தபோது தோளில் ஈரம் இருந்தது. வியர்வையாக இருக்கும் என்று அதோடு விட்டார்.

நேராக வெர்னா கடைக்குப் போனார்.

“என் நாற்பத்து நாலைத் திருப்பிக் குடு.”

“அதை வென்டெல் வாங்கிட்டுப் போயிட்டான்.”

மூட்டைமேல் இருந்த வென்டெல் காபிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினான். “அருமையான துப்பாக்கி. தலையணைக்கடியில வெச்சிருக்கேன்.”

“பக்கத்து வீட்டுக்காரனாடா நீ?”

“பக்கத்து வீட்டுல கரடி வருதே, நான் பாதுகாப்பா இருக்க வேணாமா?”

வெர்னா கீழே குனிந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து வைத்தாள். பெட்டி முனகியது. “இருக்கறது இது ஒண்ணுதான். நானூத்து ஐம்பத்து நாலு.”

“நாற்பத்து நாலுக்கே மண்டை உடைஞ்சுதே!”

“இது அதுக்கு அப்பன். ரெண்டு கையாலயும் பிடி. சுட வேண்டியதுகூட இல்ல, கரடி பாத்தாலே மரியாதை தரும்.”

கரடி மரியாதை தரும் என்று எங்கே எழுதியிருக்கிறது? ஆர்விட் நம்பவில்லை. ஆனால் பிரிட்ஜ் கதவில் இருந்த ஆரஞ்சு மரம் கண்ணுக்குள் வந்து நின்றது. வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கு வெளிச்சம் இன்னும் மெதுவாக இருந்தது. ஆறு ஓடுகிறதா, நிற்கிறதா என்றே தெரியவில்லை. கரடி வந்தது. முன்பைவிடப் பெருத்திருந்தது. நடையில் வீட்டு மாப்பிள்ளையின் நிதானம். ஆர்விட் இரண்டு கையாலும் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இழுத்தார்.

சத்தம் ஆற்றைத் தாண்டிப் போய் மலையில் முட்டித் திரும்பி வந்தது. ஆர்விட் வாசல் கதவோடு உள்ளே போய் மேவிஸின் காலடியில் கிடந்தார். குண்டு வானத்துக்குப் போகவில்லை. சால்மன் புகைபோடும் மரக்கொட்டகையின் உத்தரத்துக்குப் போயிருந்தது. உத்தரம் யோசித்தது. பிறகு முறிந்தது. கோடை முழுக்கப் புகையில் தொங்கிய மீன் மொத்தமும் புல்லில் சரிந்தது, சிவப்புச் சிவப்பாக.

கரடி ஒன்றைக் கவ்வியது. சாப்பிட நல்ல இடம் தேடி நிதானமாக நடந்து, வாசப்படி ஏறி, ஆர்விட்டின் நாற்காலி அருகே உட்கார்ந்தது.

“ஏறிடுச்சு,” என்றாள் மேவிஸ். பின்னலைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள்.

கை சுளுக்கிப் போய்க் கட்டுப் போட்டார்கள். வீட்டை வாங்க ஆள் உடனே கிடைத்தது. வெளியூர்க்காரன் ஒருவன். வாசலிலேயே கரடி பார்க்கலாமாமே என்று கூடுதலாகவே சந்தோஷப்பட்டான். இப்படியும் ஜனங்கள் இருக்கிறார்கள்.

கிளம்புகிற காலையில் மேவிஸ் லாரியில் ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். தலையில் புது வைக்கோல் தொப்பி. எப்போது வாங்கினாளோ. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். போகிற வழியில் வெர்னா கடை முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னார் ஆர்விட்.

உள்ளே போய் நானூத்து ஐம்பத்து நாலையும் பத்து மில்லியையும் பெட்டிமேல் வைத்தார்.

“வேறெதுக்காவது மாத்திக்கிறியா?” என்று கேட்டாள் வெர்னா. குரலில் கேலி இல்லை.

“அந்த ஊர்ல எதைச் சுட? ஆரஞ்சையா?”

வென்டெல் மூட்டையிலிருந்து எழுந்து வந்தான். “நாற்பத்து நாலு வேணும்னா எடுத்துக்கடா. சும்மாவே தரேன்.”

“நீயே வெச்சுக்க. கரடி இனிமே உன் வீட்டுக்குத்தான் வரும். மணிக்கட்டை மட்டும் பாத்துக்க.”

கண்ணாடிக் கதவு வழியாக ஆற்றைப் பார்த்தார். மூடுபனி இன்னும் எழவில்லை. இத்தனை பேரை நம்பாமல் இருந்தும் பிழைக்க முடியவில்லையே என்று இருந்தது. லாரியில் மேவிஸ் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அவரைப் பார்த்துக் கையசைத்தாள். அவள் ஒருத்தியாவது கூட வருகிறாள். கட்டுப் போடாத கையை ஆர்விட்டும் அசைத்தார்.

வென்டெல் எழுந்த மூட்டைகளைப் பார்த்ததும் வெர்னா நினைவு வந்தவளாக நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

“மறந்தே போச்சு ஆர்விட், மேவிஸ் வாரா வாரம் வாங்குற நாய்த் தீனி மூட்டை இதோ கட்டி வெச்சிருக்கேன், வண்டியில ஏத்தவா, இல்ல, நாயை இங்கேயே விட்டுட்டுப் போறீங்களா?”