அம்மாவுக்குத் திரும்பிய இளமை

பாசம் மட்டும் இருந்து அறிவு இல்லாவிட்டால் ஒருவரை ஏறக்குறையக் கொன்றுவிடலாம். நான் செய்திருக்கிறேன். ஆள் வேறு யாருமில்லை, என் அம்மா.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில் நடந்தது இது. பி.காம். முடித்துவிட்டு வேலையில்லாமல் திருத்தணியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா எஸ்தர் டீச்சர், தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியை. வயது ஐம்பத்திரண்டு. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதோடு அம்மாவின் கலகலப்பும் நின்றுபோயிருந்தது. பாடம் நடத்தும்போதே உடம்பு கொதித்து, முகமெல்லாம் வியர்த்து, சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே போய் நிற்பாள். சர்ச்சில் பாடுவதை விட்டுவிட்டாள். காரணம் சொல்லாமல் அழுவாள். நைனா அதைப் பார்த்ததும் எழுந்து ஃபேனை ஒரு எண் கூட்டி வைப்பார். (அப்பாவுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.)

அந்தச் சமயத்தில்தான் ஒரு சிநேகிதி என்னைச் சென்னையில் ஒரு கூட்டத்துக்கு அழைத்துப் போனாள். ஆள் சேர்த்து மாத்திரை விற்கிற கம்பெனி. கோட்டு போட்ட ஒருவர், மாதவிலக்கு நின்ற பெண்களின் வயிற்றில் நல்ல கிருமிகள் குறைந்துவிடுகின்றன, எல்லாத் தொல்லைக்கும் அதுதான் வேர் என்றார். நல்ல கிருமிகள் உள்ள புரோபயாடிக் மாத்திரை, சோயா பொடி, கால்சியம், ஏதோ பூவின் எண்ணெய் அடைத்த மஞ்சள் உருண்டை என்று ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். திரும்பும் ரயிலில் அவர்களுடைய புத்தகத்தை மனப்பாடம் செய்தேன். மணவூர் தாண்டும்போது பாதி டாக்டர். அரக்கோணத்தில் முழு டாக்டர்.

"தயிர்ல இல்லாத கிருமியாடி?" என்றாள் அம்மா.

"இது வேற கிருமிம்மா. படிச்ச கிருமி."

காலையில் ஏழு மாத்திரை, சாயங்காலம் ஐந்து என்று விழுங்கினாள். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு போலிருந்த பொடித் தண்ணீரை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். நான் எதிரே உட்கார்ந்து கடைசி மடக்கு வரை கண்காணித்தேன்.

மூன்றாவது மாதம் ஒருநாள் குளியலறைக் கதவிடுக்கில் இருந்து கூப்பிட்டாள். "ஷீலா, திரும்ப வந்திருக்குதுடி."

எனக்குப் புல்லரித்தது. புத்தகத்தில் 'உடல் தன் இளமையை மீட்டெடுக்கும்' என்று அச்சடித்தே இருந்ததே!

"அம்மா, மருந்து வேலை செய்யுது!"

"டாக்டர்கிட்ட ஒரு வாட்டி காட்டிடலாமா?"

"டாக்டருங்களுக்கு இதெல்லாம் தெரியாதும்மா."

இதைச் சொன்னது நான்தான். கணக்குப் பதிவியல் படித்த நான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்து கற்றுக்கொடுத்த அம்மா, மறுபேச்சு பேசாமல் தலையாட்டினாள்.

அது நிற்கவில்லை, வருவதும் விடுவதுமாக இருந்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம், சர்ச் பெண்கள் ஐக்கியத்தில் இருந்து பதினெட்டுப் பேரை வீட்டுக்கு அழைத்தேன். சிலருக்கு ஏற்கெனவே டப்பா விற்றிருந்தேன், மற்றவர்களையும் வாங்கவைக்க வேண்டும். பஜ்ஜி போட்டேன். சுவரில் குடலின் படம் மாட்டினேன். நான் பேசி முடித்ததும் அம்மா எழுந்து சாட்சி சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. சர்ச்சில் சொல்வதைப் போலவே புடவை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"எனக்கு நின்னு ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. இப்ப திரும்ப வந்துகினு இருக்குது. உடம்பு இளமையாவுதுன்னு பொண்ணு சொல்றா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

நாலைந்து பேர் "ஸ்தோத்திரம்" என்றார்கள். நான் கை தட்டினேன். (ஆமாம், தட்டினேன்.)

பின்வரிசையில் மரகதம் சிஸ்டர் பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"டீச்சர், எத்தினி நாளா வருது?"

"மூணு வாரமா, விட்டு விட்டு."

"டாக்டர் பாத்தாரா?"

அம்மா என்னைப் பார்த்தாள். பதினெட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"இளமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நின்ன பொறவு ஒரு சொட்டு வந்தாலும் உடனே பாக்கணும். கர்ப்பப்பையில கட்டியா கூட இருக்கலாம். செருப்பு போடுங்க டீச்சர், இப்பவே போலாம்."

கூட்டம் கலைந்தது. நான் விற்றிருந்த டப்பாக்கள் மாலைக்குள் ஒவ்வொன்றாக வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. யாரும் மணியடிக்கவில்லை, வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஸ்கேன் பார்த்து, சென்னைக்கு அனுப்பி, கர்ப்பப்பையில் இருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார்கள். முடிவு வரப் பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளும் வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சோறாவது இறங்கியிருக்கும். நைனா ஃபேனைக்கூடத் தொடவில்லை. ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன்.

"உனக்கே சந்தேகமா இருந்திச்சே, ஏம்மா போகல?"

"நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தே. வேலை கெடைக்காம ஒரு வருஷமா உன் மூஞ்சில சிரிப்பே இல்ல."

குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டு நின்றேன்.

புற்றுநோய்தான். ஆரம்ப நிலை. கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் போதும் என்றார் டாக்டரம்மா. என்னென்ன சாப்பிட்டார் என்று கேட்டபோது, பையைத் திறந்து பதினொரு டப்பாக்களை மேசைமேல் அடுக்கினேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார்.

"இதனால வந்துச்சுன்னு சொல்ல முடியாது. இந்தக் கிருமி மாத்திரை தயிர் மாதிரிதான், அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகும். ரத்தம் வந்தும் மூணு வாரம் வீட்டுல வச்சிருந்தீங்களே, அதுதான் தப்பு. யார் சொன்னது டாக்டர் வேணாம்னு?"

"வீட்டுல ஒருத்தங்க," என்றாள் அம்மா.

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அம்மா மெலிந்து, நடையே மாறிப்போயிருந்தாள். வேர்ப்பதும் தூக்கம் வராததும் உடனே போய்விடவில்லை. நாலு வருடம் இழுத்தது. இந்தமுறை டாக்டரைக் கேட்டுக் கேட்டுத்தான் எதையும் விழுங்கினாள். சர்ச் பாட்டுக்கு மட்டும் அவள் திரும்பவே இல்லை. குரல் போய்விட்டது என்றாள்.

ஆனால் சாட்சியை விடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து நிற்பாள். வெட்கப்படாமல், வகுப்பெடுக்கும் குரலில், நின்றபின் ரத்தம் கண்டால் அன்றைக்கே டாக்டரிடம் போகவேண்டும் என்பாள். மாத்திரை, பொடி எதுவானாலும் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடச் சொல்லுவாள். அதைக் கேட்டு மூன்று பெண்கள் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொல்லுவாள்:

"சந்தேகம் எதுனா இருந்தா யாரை வேணும்னாலும் கேளுங்க. அதோ, மூணாவது வரிசையில ஒக்காந்துகினு இருக்கா பாருங்க என் பொண்ணு, அவள மட்டும் கேக்காதீங்க."

எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் எழுந்து வணக்கம் வைப்பேன்.