ஹால்வரின் தராசும் வெள்ளிப் பொத்தான்களும்

ஏப்ரல் பிறந்ததும் ஹால்வர் தன் பூனாட்டை, அதாவது நார்வேக்காரர்கள் விழாவுக்குப் போடும் பாரம்பரிய உடையை, அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தார். கால்சட்டை ஏறியது. சட்டையும் ஏறியது. வெள்ளிப் பொத்தான் வைத்த சிவப்பு வெயிஸ்ட்கோட் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. பொத்தானுக்கும் துளைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. அந்த இடைவெளி முழுக்க ஹால்வர் இருந்தார்.

"அலமாரிக்குள்ளயே சுருங்கிப் போச்சு!" என்றார். வோஸ் ஊரில் ஆம்பளைகள் வருஷா வருஷம் சொல்வதுதான்.

"அந்த அலமாரிக்கு உங்க துணி மேல மட்டும் என்ன கோவமோ. என்னோடது அப்படியே இருக்கே," என்றாள் மனைவி சிக்னே.

சிரிக்கிற விஷயமா இது? மே பதினேழு தேசிய தின ஊர்வலத்தில் பாடகர் குழுவின் கொடியை முன்னால் தூக்கிப் போகும் முறை இந்த வருஷம்தான் அவருக்கு வந்திருக்கிறது. பொத்தான் போடாமல் போனால் ஊரே கொடியை விட்டுவிட்டு வயிற்றைப் பார்க்கும். போகாமல் இருந்தாலோ கொடி பக்கத்து வீட்டு ஒட்வாரின் கைக்குப் போய்விடும். ஒட்வார் கொத்தவரங்காய் மாதிரி இருப்பார். அதுவே ஹால்வருக்குப் பெரிய வயிற்றெரிச்சல்.

"உள்ள நிறைய மடிப்பு இருக்குங்க. தையலப் பிரிச்சு விட்டா முடிஞ்சுது."

"பிரிக்கிறதா! எங்கப்பா போட்ட பூனாட்! அது மனுஷனுக்காகப் பெருக்காது சிக்னே. மனுஷன்தான் அதுக்காக இளைக்கணும்!"

மறுநாளே மின் தராசு ஒன்று சமையலறைக்கு வந்தது. இனி அது காட்டும் எண்ணுக்குத்தான் சாப்பாடு என்று ஹால்வர் அறிவித்தார். சிக்னேவுக்குச் சனி பிடித்தது.

"ஏங்க, அந்த மீன் உருண்டைய ஏன் வெட்டுறீங்க?"

"பன்னெண்டு கிராம் அதிகம்."

"வெட்டின துண்டு?"

"நாளைய கணக்கு."

"சரி, என் உருளைக்கிழங்க எதுக்கு நிறுக்கிறீங்க? நான் எந்தக் கொடியத் தூக்கப் போறேன்?"

"வீட்டுக்கு வீடு ஒரு சட்டம்தான்!"

வெள்ளிக்கிழமை ராத்திரி வழக்கமாகச் சாப்பிடும் டாக்கோவைக்கூட அவர் விடவில்லை. நிறுத்து முடிப்பதற்குள் இறைச்சி ஆறிப் போனது. ஜன்னலுக்கு வெளியே ஒட்வார் நின்று சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார். தராசுமில்லை, கணக்குமில்லை. 'எவ்வளவு தின்றாலும் ஒரு கிராம் ஏறாத பாவி!' என்று ஹால்வர் பல்லைக் கடித்தார். கடிக்க வேறு எதுவும் இல்லை.

பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். ஹால்வருக்கு முதலில் பறந்தது நேர்மை. தராசில் எண்ணைப் பூஜ்யமாக்க ஒரு பொத்தான் உண்டு. சிக்னே அடுப்புப் பக்கம் திரும்பியதும், தட்டில் பழுப்புச் சீஸை அடுக்கி, மேலே கீரை இலையால் போர்த்தி, பொத்தானை அழுத்துவார். பூஜ்யம்! அப்புறம் சிக்னே பார்க்க மற்றதைக் கிராம் பிசகாமல் நிறுத்துப் போடுவார். என்ன இருந்தாலும் தராசு பொய் சொல்லாதே!

"சீஸ் நடுவுல பள்ளம் விழுந்திருக்கே," என்றாள் சிக்னே ஒருநாள். "பனிச்சறுக்கே விடலாம் போலிருக்கு. யாரு சீவினது?"

"சீவுற கத்தி சரியில்ல."

"ஓஹோ." அதற்கு மேல் அவள் பேசவில்லை. சிக்னே பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பதைப் பசியில் ஹால்வர் மறந்துவிட்டார்.

"வெயிஸ்ட்கோட்ட ஒருதரம் போட்டுப் பாருங்களேன்."

"அன்னைக்குத்தான் போடுவேன்!" என்று முறைத்தார். உண்மையில் அவருக்கு உதறல்.

மே பதினேழு விடிந்தது. சிக்னே இஸ்திரி போட்டு நீட்டிய வெயிஸ்ட்கோட்டை மாட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஹால்வர் முதல் பொத்தானைப் போட்டார். விழுந்தது. எல்லாமே விழுந்தன. மூச்சை விட்டும் பார்த்தார். அசையவில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"தராசு, ஒட்வார், தராசு!" என்று வேலி தாண்டிக் கூவினார். "கிராம் கிராமாப் பாடுபட்டேன்! மனக்கட்டுப்பாடு வேணும் அதுக்கெல்லாம்!"

கொடி முன்னே போக, அதற்கும் முன்னே அவர் நெஞ்சு போனது. ஊர்வலம் முடிந்ததும் பள்ளிக்கூட மைதானத்தில் கையில் சாசேஜோடு மனைவியிடம் வந்தார்.

"பாத்தியா? பிரிக்கணும்னு சொன்னியே! தராசோட மகிமைய இப்பவாவது ஒத்துக்க."

"ஒத்துக்கிறேங்க. அது மட்டும் இல்லேன்னா என்னால முடிஞ்சிருக்காது."

"உன்னாலயா? உனக்கு எதுக்குத் தராசு?"

"நீங்க பாட்டு ஒத்திகைக்குப் போறப்பல்லாம் சீஸை எடுத்து நிறுத்துப் பாப்பேன். அது குறையக் குறைய தையலப் பிரிச்சுக்கிட்டே வந்தேன்."

ஹால்வரின் வாய் திறந்தபடி நின்றது. சாசேஜ் அந்தரத்தில் நின்றது.

"ஆறிடப் போவுது, சாப்பிடுங்க," என்றாள் சிக்னே அன்பாக. "அதுக்கும் சேத்து ஒரு விரக்கடை விட்டுத்தான் தச்சிருக்கேன்."